அயோவாவுல ஒரு சின்ன ஊர், அதை உயிரோட வச்சிருக்கிறது யாரு?

அமெரிக்காவோட நடுப்பகுதி கிராமம்னு சொன்னா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு டக்குனு மனசுல வர்றது மக்காச்சோள வயல், சிவப்பு பெயின்ட் அடிச்ச கொட்டகை, ஞாயித்துக்கிழமை சர்ச், நாலு தலைமுறையா அதே வீட்ல இருக்கிற வெள்ளைக்கார விவசாயிங்க, இவ்வளவுதான். அயோவா மாநிலத்தோட வடகிழக்கு மூலையில போஸ்ட்வில்னு ஒரு ஊர் இருக்கு, 2020 சென்சஸ்படி மொத்தமே 2,503 பேர். மக்காச்சோளமும் இருக்கு, சர்ச்சும் இருக்கு. கூடவே கருப்புத் தொப்பி போட்ட, மத விதிகளை ரொம்ப கறாரா கடைப்பிடிக்கிற ஹசிடிக் யூதர்கள், குவாத்தமாலா மலைக் கிராமங்கள்லேர்ந்து வந்த மாயா இன மக்கள், மெக்சிகோக்காரங்க, சோமாலி முஸ்லிம்கள் எல்லாரும் அதே கடைத்தெருவுலதான் நடமாடுறாங்க. இந்த ஊர் எப்படி இப்படி ஆச்சு, 2008 மே மாசம் ஒரே நாள்ல எப்படி நிலைகுலைஞ்சு போச்சு, அதுக்கப்புறமும் எப்படி நிக்குதுன்னு பாத்தா அமெரிக்க கிராமப்புறத்தைப் பத்தியும் அங்க நடக்கிற குடியேற்றச் சண்டையைப் பத்தியும் நிறைய புரியும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த மாதிரி ஊர்களை உயிரோட வச்சிருக்கிறவங்களே அங்க நிம்மதியா வாழ முடியாதபடி சட்டம் இருக்கு. போஸ்ட்வில்ல நடந்த கொடுமை பாதிக்கு மேல இந்த ஒரு முடிச்சுலேர்ந்துதான் வந்துச்சு.

ஊரைப் பத்தி கொஞ்சம். அயோவான்னா தட்டையா கிடக்கும்னுதான் எல்லாரும் நினைப்பாங்க, ஆனா இந்த மூலையை மட்டும் பனியுகத்துல பனிப்பாறைங்க சமமா தேய்ச்சு விடல, அதனால குன்றும் பள்ளத்தாக்கும் ஓடையுமா ரொம்ப அழகா இருக்கும், அப்படியே கிழக்க போனா மிசிசிப்பி ஆறு. ஊரோட ஒரு பகுதி அலமக்கீ கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி), இன்னொரு பகுதி கிளேட்டன் கவுன்ட்டி. 19-ஆம் நூற்றாண்டுல ஜெர்மன் லூத்தரன்களும் நார்வேக்காரங்களும் ஐரிஷ் கத்தோலிக்கர்களும் வந்து நிலம் வாங்கி மாடு, பன்னி, சோளம்னு நிலைச்சாங்க. அவங்களும் வந்தேறிகள்தான், இந்த விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

இந்த ஊருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு, அதைச் சொல்லாம போக மனசு வரல. 1946-ல நோபல் அமைதிப் பரிசு வாங்கினவங்கள்ல ஒருத்தரான ஜான் ஆர். மாட் வளர்ந்தது போஸ்ட்வில்லதான். அவர் அப்பா மரக்கடை வச்சிருந்தார், ஊரோட முதல் மேயரும் அவர்தான். ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தை உலகம் பூரா கொண்டுபோனவர் மாட். 1938 டிசம்பர்ல நம்ம தாம்பரத்துல, மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் புது வளாகத்துல, சர்வதேச மிஷனரி கவுன்சிலோட பெரிய மாநாடு நடந்துச்சு. ஆசியா, ஆப்பிரிக்கா சபைகள்லேர்ந்து அவ்வளவு பேர் அதுக்கு முன்னாடி அப்படி ஒரு இடத்துல கூடினதில்லம்பாங்க, அதுக்கு தலைமை தாங்கினவர் இவர்தான். போஸ்ட்வில் ஹைஸ்கூலுக்கு இன்னைக்கும் அவர் பேருதான்.

இப்ப 1980-களுக்கு வருவோம், ஏன்னா அங்கதான் எல்லாமே ஆரம்பிக்குது. 70-கள்ல சோவியத் யூனியனுக்கு தானியம் ஏத்துமதி ஜோரா நடந்துச்சு, நிலத்தோட விலை கிடுகிடுன்னு ஏறுச்சு, பேங்க்காரங்களே வீட்டுக்கு வந்து இன்னும் வாங்கு இன்னும் வாங்குன்னு கடன் கொடுத்தாங்க. அப்புறம் விலைவாசியை அடக்கணும்னு மத்திய வங்கி வட்டியை ஏத்துச்சு, 1980-ல ஆப்கானிஸ்தான் பிரச்னைக்காக ஜிம்மி கார்ட்டர் சோவியத்துக்கு தானியம் அனுப்பத் தடை போட்டார், ரெண்டும் சேர்ந்து விவசாயி தலையில விழுந்துச்சு. 1981-லேர்ந்து அஞ்சாறு வருஷத்துல அயோவாவுல நில விலை 60 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. ஒரு ஏக்கர் வித்தா அதுமேல இருக்கிற கடன்ல பாதி கூட அடையாத நிலைமை. ஏலம், ஜப்தி, பேங்க் மூடல், அதுக்கப்புறம் டிராக்டர் கடை மூடல், ஸ்கூல் இணைப்பு. 1950-ல அந்த மாநிலத்துல ரெண்டு லட்சத்துக்கு மேல பண்ணைங்க இருந்துச்சு, 2022 விவசாயக் கணக்கெடுப்புல 87,000 கிட்டதான் மிச்சம். நிலம் அப்படியேதான் இருக்கு, ஆள்தான் குறைஞ்சாச்சு, ஒரே ஆள் பெரிய மெஷினை வச்சு ஆயிரக்கணக்கான ஏக்கர் பாத்துக்கிறான். படிச்ச பசங்க டெ மாய்ன், மினியாபொலிஸ், சிகாகோன்னு கிளம்பிட்டாங்க. 1990-ல போஸ்ட்வில்ல இருந்தது 1,472 பேர்.

அதே காலத்துல கறித் தொழிலும் தலைகீழா மாறிச்சு. முன்னாடியெல்லாம் மாட்டை ரயில்ல ஏத்தி சிகாகோவுக்கு அனுப்புவாங்க, அங்க யூனியன் பலம் இருந்துச்சு, நல்ல சம்பளம், ஒரு குடும்பம் வீடு வாங்கி நிமிர்ந்து நிக்கலாம். 1961-ல அயோவாவோட டெனிசன்ல ஆரம்பிச்ச ஐ.பி.பி.ங்கிற கறி கம்பெனி இந்த முறையை உடைச்சுது: மாடு இருக்கிற கிராமத்துலயே பிளான்ட் போடு, முழு மாட்டையும் அனுப்பாம துண்டு போட்டு பெட்டியில அடைச்சு அனுப்பு, தேர்ந்த கசாப்புக்காரன் வேணாம், ஒருத்தன் நாள் பூரா ஒரே வெட்டு வெட்டினா போதும். சிகாகோவோட பழைய பெரிய மாட்டுச் சந்தை 1971-ல மூடியாச்சு. யூனியன் போச்சு, சம்பளம் இறங்குச்சு, கறி வெட்டுற லைனோட வேகம் ஏறுச்சு. கையில கத்தியோட குளிர் அறையில நாள் பூரா நின்னு மணிக்கட்டு வீங்கிப்போற வேலையை அந்தக் கூலிக்கு செய்ய உள்ளூர் பசங்க யாரும் தயாரா இல்ல. ஆக பிளான்ட் கிராமத்துக்கு வந்துச்சு, ஆனா வேலைக்கு ஆள் கிராமத்துல இல்ல.

இந்த நேரத்துலதான், 1987-ல, நியூயார்க் புரூக்ளின்ல கறிக்கடை வச்சிருந்த ஆரன் ரூபாஷ்கின் போஸ்ட்வில்ல மூடிக் கிடந்த ஹைகிரேடு கறி பிளான்ட்டை வாங்கினார். லுபாவிச் பிரிவைச் சேர்ந்த ஹசிடிக் யூதர். அவரோட கணக்கு ரொம்ப எளிமையானது, மாட்டை நியூயார்க்குக்கு கொண்டுவர்றதை விட யூத முறைப்படி அறுக்கிறவங்களை மாடு இருக்கிற இடத்துக்கு அனுப்பிடலாம். அக்ரிபிராசஸர்ஸ்னு கம்பெனி பேரு. கொஞ்ச வருஷத்துலயே நாட்டுலயே பெரிய கோஷர் பிளான்ட் ஆயிடுச்சு, கோஷர்னா யூத மத விதிப்படி தயாரிச்ச சாப்பாடு.

கோஷர் அறுப்பு எப்படின்னு தெரிஞ்சாத்தான் ஏன் யூதக் குடும்பங்களே ஊருக்கு குடிவர வேண்டியதாச்சுன்னு புரியும். யார் வேணா அறுக்க முடியாது. முறைப்படி படிச்சு தேர்ச்சி பெற்ற யூதர்தான் அறுக்கணும், அவருக்கு ஷோகெட்னு பேரு. நீளமான, முனையில்லாத கத்தி. அதோட விளிம்புல மயிரிழை அளவுக்குக்கூட பிசிறு இருக்கக்கூடாது, அறுக்கிறதுக்கு முன்னாடியும் அப்புறமும் நகத்தால வருடிப் பாப்பார், சின்னதா ஒரு உரசல் தட்டுப்பட்டாலும் திரும்ப தீட்டணும். ஒரே மூச்சுல கழுத்து அறுபடணும், நடுவுல நிறுத்தக்கூடாது. அப்புறம் இன்னொருத்தர் நெஞ்சுக்கூட்டுக்குள்ள கையை விட்டு நுரையீரல்ல ஒட்டு, தழும்பு ஏதாவது இருக்கான்னு தடவிப் பாக்கணும், இருந்தா அந்த மாடு கழிவு, மத்த மார்க்கெட்டுக்குப் போயிடும். கடைசியா ரத்தம் போறதுக்கு தண்ணியில ஊறவச்சு உப்பு போட்டு வைக்கணும். பின்னங்கால் பக்கத்துல விலக்கப்பட்ட நரம்பும் கொழுப்பும் இருக்கிறதால அதை எடுக்கிற கஷ்டத்துக்கு பெரும்பாலும் அந்தப் பாகத்தையே மத்தவங்களுக்கு வித்துடுவாங்க. இதையெல்லாம் பக்கத்துல நின்னு கண்காணிக்கவும் ஆள் வேணும். ஆக ரபிங்கன்னு சொல்ற யூத மத குருக்கள், அறுக்கிறவங்க, அவங்க மனைவி பிள்ளைங்க, அவங்களுக்கு ஜெபக்கூடம், பள்ளிக்கூடம், கோஷர் மளிகைக் கடைன்னு ஒரு சமூகமே வந்து இறங்குச்சு. அதுவும் மனுஷங்களை விட பல மடங்கு பன்னிங்க இருக்கிற மாநிலத்துல, பன்னிக்கறி வருவல் சான்ட்விச்சை ஊர் பெருமையா சொல்லிக்கிற இடத்துல.

உரசல் வராம இருக்குமா. கார் ஓட்டும்போது எதுக்க வர்றவன் தெரிஞ்சவனோ தெரியாதவனோ ஸ்டியரிங்லேர்ந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்ற ஊர் அது. வந்தவங்க அப்படி செய்யல. கடையில போட்டிருக்கிற விலையை கேக்காம கொடுக்கிற ஜெர்மன் வழக்கத்துக்கு பேரம் பேசறவங்க வந்தது ஒரு அதிர்ச்சி. ஆண்கள் அந்நியப் பெண்களோட கை குலுக்க மாட்டாங்க, சனிக்கிழமை காரே எடுக்க மாட்டாங்க, பக்கத்து வீட்ல கூப்பிட்டா சாப்பாட்டுக்கு வர முடியாது, ஏன்னா அந்த வீட்டுப் பாத்திரம் கோஷர் இல்ல. இதுல யார் மேலயும் தப்பு சொல்ல எனக்கு தோணல, ரெண்டு பக்கமும் தன் வழக்கத்தை ரொம்ப உசுரா பிடிச்சிருந்த சமூகங்கள், ரெண்டுக்கும் மதம்தான் நடுநாயகம். 1997-ல பிளான்ட் இருந்த நிலத்தை ஊர் எல்லைக்குள்ள சேக்கிறதான்னு ஓட்டு நடந்துச்சு, சேத்தா வரியும் கட்டுப்பாடும் வரும், சேத்தா போயிடுவோம்னு முதலாளி தரப்பு சொல்லுச்சு, ஆனாலும் ஜனங்க சேக்கணும்னுதான் ஓட்டுப் போட்டாங்க. கம்பெனி எங்கயும் போகல.

ஆனா பிளான்ட்ல பெரும்பாலான வேலையை செஞ்சது யூதர்களும் இல்ல, உள்ளூர்க்காரங்களும் இல்ல. சோவியத் சிதறினப்ப அங்கேர்ந்து வந்தவங்க முதல்ல, அப்புறம் மெக்சிகோ, அப்புறம் குவாத்தமாலா. குவாத்தமாலாவோட சிமால்டெனாங்கோ பகுதியில சான் ஹோசே கால்டெராஸ்னு ஒரு கிராமம், அங்கேர்ந்து ஒருத்தன் வந்தான், அவன் தம்பியைக் கூப்பிட்டான், தம்பி மச்சானைக் கூப்பிட்டான், இப்படியே பாதி கிராமம் அயோவாவுக்கு வந்து சேர்ந்துச்சு. நிறைய பேருக்கு தாய்மொழி கக்சிகெல்ங்கிற மாயா மொழி, ஸ்பானிஷே ரெண்டாவது மொழி. குறைஞ்சபட்ச கூலியை ஒட்டின சம்பளம், கையில போலி சோஷியல் செக்யூரிட்டி கார்டு (வேலைக்கு சேர காட்டவேண்டிய அரசாங்க நம்பர் அட்டை), உள்ளுக்குள்ள எப்பவும் பயம். 2000-ல ஊர் ஜனத்தொகை 2,273 ஆயிடுச்சு, பத்து வருஷத்துல பாதிக்கு மேல கூடியிருக்கு. காலியா கிடந்த வீட்டுக்கெல்லாம் வாடகைக்கு ஆள் வந்துச்சு, சாத்தின கடைங்க டார்ட்டில்லாங்கிற சோள ரொட்டி விக்க திறந்துச்சு, செயின்ட் பிரிட்ஜெட்ஸ் கத்தோலிக்க சர்ச்ல ஸ்பானிஷ் பூசை, கிண்டர்கார்டன்ல பசங்க நிறைஞ்சாங்க. சுத்துப்பட்டு ஊர்ல ஸ்கூலை மூடிக்கிட்டிருந்தப்ப இங்க மட்டும் வகுப்பு நிரம்புச்சு.

2008 மே 12, திங்கக்கிழமை காலையில ஹெலிகாப்டர் வந்துச்சு. ஐ.சி.இ.ன்னு சொல்ற குடியேற்ற போலீஸ் நூத்துக்கணக்குல பிளான்ட்டை வளைச்சு 389 பேரைப் பிடிச்சாங்க. அதுல குவாத்தமாலாக்காரங்க 290 பேர், மெக்சிகோக்காரங்க 93 பேர். அந்த நேரத்துக்கு ஒரே இடத்துல நடந்த ரெய்டுங்கள்லயே இவ்வளவு பெருசு நடந்ததில்ல. ஊர் ஜனத்தொகையோட ஒப்பிட்டா ஆறு பேர்ல ஒருத்தர்னு வச்சுக்கங்க. ஸ்கூல்ல இருந்த 600 சொச்சம் பசங்கள்ல பாதிப் பேர் வகுப்புக்கு வரல. மிச்சம் இருந்தவங்க, அம்மாவும் குழந்தையுமா, செயின்ட் பிரிட்ஜெட்ஸ் சர்ச்சுக்கு ஓடினாங்க, அங்க பொறுப்புல இருந்த சிஸ்டர் மேரி மெக்காலி கதவைத் திறந்து விட்டாங்க, நூத்துக்கணக்கான பேர் பெஞ்சுலயும் தரையிலயும் பல நாள் தூங்கினாங்க. அவங்களுக்கு சோறு கொண்டுவந்து கொடுத்தது அந்த லூத்தரன், நார்வேக்கார பாட்டிங்கதான். இதை நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம், கிராமத்து வெள்ளைக்காரன்னாலே வெறுப்புன்னு ஒரு எழுதப்படாத தீர்ப்பு நம்ம பேச்சுல இருக்கு, போஸ்ட்வில்ல அது பொய்யாச்சு.

பிடிச்சவங்களை 75 மைல் தள்ளி வாட்டர்லூவுக்கு கொண்டுபோனாங்க. அங்க மாட்டுக் கண்காட்சி நடக்கிற மைதானம், நேஷனல் கேட்டில் காங்கிரஸ்னு பேரு. அதுல டான்ஸ் நடக்கிற ஹாலைக் கோர்ட்டா மாத்தி, கையிலயும் இடுப்புலயும் காலிலயும் சங்கிலி போட்டு, பத்துப் பத்துப் பேரா நிறுத்தி விசாரிச்சாங்க. முன்னாடியெல்லாம் இந்த மாதிரி ஆளுங்களை நேரா நாடு கடத்திடுவாங்க, இந்த தடவை கிரிமினல் கேஸ். அடுத்தவன் அடையாளத்தைத் திருடினேன்னு கேஸ் போட்டா கட்டாயம் ரெண்டு வருஷம் ஜெயில், போலி நம்பர் பயன்படுத்தினேன்னு இப்பவே ஒத்துக்கிட்டா அஞ்சு மாசம், அப்புறம் நாடு கடத்தல், ஏழு நாளைக்குள்ள முடிவு சொல்லு. ஒரு வக்கீலுக்கு பதினேழு பேர் வரைக்கும். ஊர்ல குடும்பம் பட்டினி, கேஸ் நடத்தினா ஜாமீன் இல்லாம அதை விட நிறைய மாசம் உள்ள கிடக்கணும், யாரா இருந்தாலும் எதுல கையெழுத்து போடுவாங்க? கிட்டத்தட்ட 300 பேர் ஒத்துக்கிட்டாங்க.

இது வெளிய தெரிஞ்சதுக்கு முக்கிய காரணம் ஒரு மொழிபெயர்ப்பாளர். எரிக் காமைட் ஃப்ரெய்ஷாஸ், புளோரிடாவுல ஸ்பானிஷ் பேராசிரியர், கோர்ட்டுக்காக வாட்டர்லூவுக்கு வந்தவர். தொழில் ரகசியம்னு வாயை மூடிக்கிட்டு போயிருக்கலாம், ஆனா அந்த ஜனங்கள்ல நிறைய பேருக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர்னா என்னன்னே தெரியல, எதை ஒத்துக்கிறோம்னு புரியாமலே ஒத்துக்கிட்டாங்கன்னு நீளமா எழுதி வெளியிட்டார், நாடாளுமன்றக் குழு முன்னாடியும் போய் சொன்னார். எனக்கு இந்தக் கதையில ரொம்ப மரியாதை அவர் மேலதான். மறு வருஷமே, 2009 மே மாசம், ஃபுளோரஸ் ஃபிகேரோவா வழக்குல உச்ச நீதிமன்றம் ஒருமனதா சொல்லுச்சு: அந்த நம்பர் உண்மையான இன்னொரு மனுஷனோடதுன்னு குற்றவாளிக்கு தெரிஞ்சிருந்தாத்தான் அடையாளத் திருட்டுன்னு கேஸ் நிக்கும். அதாவது எந்தக் கம்பைக் காட்டி மிரட்டினாங்களோ அந்தக் கம்பே செல்லாது. ஆனா அதுக்குள்ள இவங்க ஜெயில்ல இருந்து முடிச்சு குவாத்தமாலாவுக்கே போயாச்சு.

ஊர்ல விட்டுவச்ச அம்மாக்களுக்கு காலில எலக்ட்ரானிக் பட்டை. வேலைக்கும் போகக்கூடாது, ஊரை விட்டும் போகக்கூடாது, சர்ச்தான் வாடகையும் சோறும் பாத்துக்கிச்சு. கம்பெனி நவம்பர்ல திவால் மனு போட்டுச்சு. வாடகை வீடுங்க காலி, கடைங்க காலி, மாடும் கோழியும் வித்துக்கிட்டிருந்தவங்களுக்கு பாக்கி. நடுவுல ஆள் பிடிக்க பசிபிக் கடல்ல இருக்கிற பலாவு தீவுலேர்ந்தெல்லாம் ஜனங்களைக் கூட்டிட்டு வந்தாங்க, ஏன்னா அமெரிக்காவோட இருக்கிற ஒப்பந்தப்படி அவங்களுக்கு விசாவே வேணாம். மினியாபொலிஸ்லேர்ந்து சோமாலி அகதிகள் வந்தாங்க. ரெய்டோட அடி போஸ்ட்வில்லோட நிக்கல. 2017-ல வந்த ஒரு ஆய்வு, ரெய்டுக்கப்புறம் அயோவா முழுக்க லத்தீன் அம்மாக்களுக்கு எடை குறைவான குழந்தை பிறக்கிற வாய்ப்பு முந்தின வருஷத்தை விட 24 சதவீதம் கூடியிருந்துச்சுன்னு காட்டுச்சு, அதுவும் அமெரிக்காவுலயே பிறந்த, முறையான குடியுரிமை இருக்கிற அம்மாக்களுக்கும் சேர்த்து. பயம் பேப்பரைப் பாத்து வர்றதில்லையே.

முதலாளி பக்கம் என்ன ஆச்சு? பிளான்ட்டை நடத்தின ஷோலம் ரூபாஷ்கின், ஆரனோட மகன், பேங்க்கை ஏமாத்தின வகையில 86 குற்றச்சாட்டுல தண்டனை பெற்றார், 2010-ல 27 வருஷம் தீர்ப்பு. குடியேற்றம் சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டுங்களை அரசாங்கமே கைவிட்டுடுச்சு. சின்னப் பசங்களை வேலை வாங்கினதா மாநிலம் போட்ட கேஸ்ல ஜூரி விடுதலை பண்ணிச்சு. 27 வருஷம் ரொம்ப அதிகம்னு ரெண்டு கட்சி ஆளுங்களும் பெரிய பெரிய வக்கீல்களும் எழுதினாங்க, 2017 டிசம்பர்ல டிரம்ப் தண்டனையைக் குறைச்சு வெளிய விட்டார். 27 வருஷம் அதிகம்தான்னு எனக்கும் தோணுது. அதே அளவு கரிசனம் அந்த 300 பேருக்கு யாரும் கேக்கலன்னும் தோணுது.

2009-ல கனடாக்காரர் ஹெர்ஷி ஃபிரீட்மேன் பிளான்ட்டை வாங்கி அக்ரி ஸ்டார்னு பேரு வச்சார், இப்பவும் ஓடுது, இப்பவும் கோஷர்தான். வேலையில இருக்கிற ஆளுங்களோட பேப்பரை கம்ப்யூட்டர்ல சரிபார்த்துதான் எடுக்கிறாங்க. காலில பட்டை போட்டிருந்த சில அம்மாக்களுக்கு, குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு இருக்கிற யு விசா கிடைச்சுது, நாடு கடத்தப்பட்ட குடும்பத்துல சிலர் அது மூலமா திரும்பியும் வந்தாங்க. ரெய்டப்ப சர்ச் பெஞ்சுல தூங்கின குழந்தைங்க இப்ப பெரியவங்க. ஜனத்தொகை 2010-ல 2,227, பத்து வருஷத்துல மறுபடி 2,500-ஐ தாண்டிடுச்சு, சுத்தி இருக்கிற கவுன்ட்டிங்கள்ல ஆள் குறையுற காலத்துல.

இவ்வளவு நடந்தும் அடிப்படை மாறலன்னுதான் எனக்கு ஆத்தாமை. அமெரிக்க சட்டத்துல வயல் வேலைக்கு தற்காலிக விசா இருக்கு, ஆனா அது சீசன் வேலைக்கு மட்டும். கறி பிளான்ட் வருஷம் பூரா ஓடுற இடம், அதனால அதுக்கு அது செல்லாது. பெரிய படிப்பு தேவையில்லாத நிரந்தர வேலைக்குன்னு இருக்கிற கிரீன் கார்டு பிரிவுல நாடு முழுக்க எல்லாத் தொழிலுக்கும் சேர்த்து, குடும்பத்தோட கணக்கு வச்சு, வருஷத்துக்கு அதிகபட்சம் 10,000. போஸ்ட்வில், மார்ஷல்டவுன், ஸ்டார்ம் லேக், டெனிசன்னு அயோவாவுல மட்டுமே இப்படி எத்தனையோ ஊர் இந்தத் தொழிலை நம்பி இருக்கு. குவாத்தமாலாவுலேர்ந்து ஒருத்தன் முறைப்படி வரிசையில நின்னு போஸ்ட்வில் பிளான்ட்டுக்கு வரணும்னு ஆசைப்பட்டா அவன் நிக்கிறதுக்கு உருப்படியா ஒரு வரிசை 2008-லயும் இல்ல, இன்னைக்கும் இல்ல.